பெரியப்பா மகன்

ஸ்டூல் மேல் ஏறி நின்று அண்ணன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள் அவள். படத்தின் பின்னால் இருந்த கம்பி ஆணியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கீழே ஐஸ் பெட்டிக்குள் அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். டாக்சி மெயின் ரோட்டைத் தாண்டிவிட்டது என்று அண்ணனிடமிருந்து இப்போதுதான் போன் வந்திருந்தது. அதற்குள் படம் இறங்கியாக வேண்டும்.

படத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பூச்சரம். அடியில் சின்னப் பலகை, அதில் ஒரு சிவப்பு பல்பு. உயிரோடு இருக்கிற மனுஷன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது தன்னுடைய நினைவுப் படமாக இருக்கக் கூடாது. அவன் மேல் அவளுக்கு மிச்சம் இருந்த கரிசனம் அவ்வளவுதான்.

"இப்ப எதுக்கும்மா படத்தை எடுக்கறே?" என்றார் கீழ் வீட்டிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரம்மா.

"தூசியா இருக்கு. துடைச்சு மாட்டலாம்னு."

"அந்தப் பிள்ளை இருந்திருந்தா இன்னிக்கு நீ இப்படி ஒத்தையா நிப்பியா? நல்லவங்களைத்தான் சீக்கிரம் கூட்டிக்கிறான் அந்தக் கடவுள்."

நல்லவனாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை ஒரு இழு இழுத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார் பைக்காரர்.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது அவள்தான். அக்குளில் எப்போதும் ஒரு கறுப்பு ரெக்சின் பை இருக்கும். தூங்கும்போதாவது கீழே வைப்பாரா என்று அப்பாவிடம் கேட்டுச் சிரித்திருக்கிறாள். சிரிக்க முடிந்த காலத்தில். இப்போது பை அதே இடத்தில் இருந்தது, ஆள்தான் நரைத்திருந்தார். ஐஸ் பெட்டியைப் பார்த்தார், அப்புறம் நிமிர்ந்து அவளையும் அவள் கையில் பாதி இறங்கியிருந்த படத்தையும் பார்த்தார்.

அவள் படத்தை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினாள். பல்பையும் போட்டாள்.

அண்ணன் நண்பனோடு சேர்ந்து செல்போன் கடை போட்டான். கடைக்குத் தனிநபர் கடன், அதைக் கடை முழுங்கியதும் கிரெடிட் கார்டு, கார்டுக்கு வட்டி கட்ட இன்னொரு கார்டு. கடை நொடித்ததும் வெளிநாட்டுக்குக் கிளம்பினான். "மூணே மாசம்ப்பா, எல்லாத்தையும் அடைச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே குடியுரிமை என்று வேரூன்றிவிட்டான். கடன் மட்டும் இங்கேயே இருந்தது. அதைத் தேடிக்கொண்டு வந்த வசூல் ஆள்தான் பைக்காரர். வீட்டுக்கு வந்தார், அவள் வேலை பார்க்கும் லாண்டரிக்கு வந்து கவுன்டரில் வரிசையில் நின்றார், அவளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்த நாளில்கூட வாசலில் வந்து நின்றார். அந்தக் குடும்பம் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனது.

வீட்டை மாற்றிக்கொண்டு இந்த மாடிக்கு வந்தார்கள். பைக்காரர் இங்கேயும் மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார். அன்றைக்குத்தான் அப்பா, வாழ்க்கையில் பொய்யே சொல்லிப் பழகாத அப்பா, கதவைப் பிடித்துக்கொண்டு, "அவன் செத்துட்டான்" என்றார். மறுநாளே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார். தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர் ஆயிற்றே, வயரிங்கும் அவரே செய்தார். தினமும் சாயங்காலம் பம்ப் ஹவுஸ் மோட்டாரைப் போடுகிற மாதிரி அந்த பல்பைப் போட்டார்.

அப்பாவுக்கு ஒன்றைச் சொன்னால் போதும், அதற்குமேல் யோசிக்க மாட்டார். ஒரு வாரம் உப்பைக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, வருஷக்கணக்கில் உப்பில்லாமல் சாப்பிட்டார். அவள் கண்டுபிடித்துச் சண்டை போட்டபோது, "நிறுத்துன்னார், நிறுத்தினேன். மறுபடி போட்டுக்கோன்னு யாரும் சொல்லலையே" என்றார். "வால்வை மூடச் சொல்லி ஆர்டர் வந்தா மூடணும். திறக்கறதுக்கு வேற ஆர்டர் வரணும். நானா திறந்தா ஊரே மூழ்கும்" என்பார். அவர் உலகம் அப்படி.

ஒருநாள் பைக்காரர் வருவது நின்றுபோனது. அப்பா நிம்மதியாக இருப்பார் என்று பார்த்தால், மனுஷர் இன்னும் ஒடுங்கிப்போனார். அவளுக்கு அதுவே சந்தேகம். சும்மா விடுகிற ஆளா அவர்? பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று வருஷக்கணக்கில் காத்திருந்தாள். இதோ, அப்பா செத்த மறுநாள் வந்து உட்கார்ந்திருக்கிறார், அண்ணன் வருகிற நேரம் பார்த்து. யார் சொல்லியிருப்பார்கள்?

கீழே டாக்சி கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அவள் ஓடுவதற்குள் அவன் மாடி ஏறி வந்துவிட்டான். தொப்பி, முகத்தில் மாஸ்க். வெள்ளைச் சட்டையில் கடையில் மடித்து வைத்த மடிப்பு அப்படியே இருந்தது. துணியோடு கிடப்பவள் அவள், அவளுக்கா தெரியாது? வழியில் எங்கேயோ வாங்கி, விமானத்தின் கழிப்பறையில் மாற்றியிருப்பான். வருகிற எண்ணம் முன்பே இருந்திருந்தால் ஒரு சட்டையாவது எடுத்துவைத்திருப்பான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"பாப்பா..." என்று ஆரம்பித்தான்.

"வாங்க, வாங்க" என்று அவள் குரலை உயர்த்தினாள். "பெரியப்பா மகன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். "தூரத்துலேர்ந்து வர்றார்."

அவன் விழித்தான். அப்பாவைப் பார்த்தான். அப்படியே கண் மேலே போனது. சிவப்பு வெளிச்சத்தில், மீசை அரும்பிய வயதில், அவனே அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மாஸ்க்குக்குமேல் தெரிந்த கொஞ்ச முகமும் வெளுத்துப்போனது.

"அடடா, கண்ணைப் பாரேன்! செத்துப்போன உங்கண்ணனை உரிச்சு வெச்ச மாதிரியே இருக்காரே!" என்றார் வீட்டுக்காரம்மா.

"ஒரே ரத்தம் இல்லையா" என்றாள் அவள். பைக்காரர் பையை அக்குளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவனை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன இது? எனக்குப் படம் மாட்டி வெச்சிருக்கீங்க?"

"மெதுவா பேசு. நீ செத்து ரொம்ப நாளாச்சு. அப்பாதான் மாட்டினார்."

"அப்பாவா?" சுவரில் சாய்ந்துகொண்டான். "அவ்வளவு கோவமா என் மேல? அதான் போனை எடுக்கலையா? நான்கூட நீதான் எடுக்க விடாம பண்றேன்னு நெனச்சேன்."

"நல்லா இருக்கே கதை. நீ எப்ப போன் பண்ணினே?"

"ஞாயித்துக்கிழமைதோறும் பண்ணேன். ஒரு நாள் எடுத்த உடனே கட் ஆச்சு, அதுக்கப்புறம் அடிச்சுக்கிட்டே இருக்கும், எடுக்க மாட்டார். உனக்குப் பண்ணா நீ பிளாக் பண்ணி வெச்சிருந்தே."

"ஆமா, பண்ணினேன். லாண்டரிக்கு வந்து நாலு பேர் முன்னாடி அந்த ஆளு உன் பேரைச் சொல்லிக் கேட்ட அன்னிக்குத்தான் பண்ணினேன். நேத்து அப்பா செய்தியைச் சொல்லத்தான் பிளாக்கை எடுத்தேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பொய் சொல்லாதே. நீ கூப்பிடறதே இல்லைன்னு அப்பாவே சொன்னார்."

"சத்தியமா பாப்பா."

அவன் சத்தியத்தை அவள் எந்தக் கணக்கில் சேர்ப்பாள்? ஞாயிறு சாயங்காலம்தான் லாண்டரியில் கூட்டம் அலைமோதும், திங்கட்கிழமை துணிக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள். அவள் வீட்டில் இருந்ததே இல்லை. ஒரே ஒரு ஞாயிறு கரன்ட் போய்க் கடையை மூடிவிட்டுச் சீக்கிரம் வந்தாள். அப்பா மடியில் போனை வைத்துக்கொண்டு, அது அடிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாருப்பா என்றதற்கு, "ராங் நம்பர்" என்றார். அப்பாவும் எங்கேயோ கைமாற்று வாங்கிவிட்டு ஒளிகிறாரோ என்று அவர் மேலேயே சந்தேகப்பட்டாள். இந்தக் குடும்பத்தில் போன் அடித்தால் வேறென்ன நினைப்பது?

அவன் திரைச்சீலையை விரலால் விலக்கி ஹாலைப் பார்த்தான். "யாரு அந்தப் பை வெச்சிருக்கறவர்? வந்ததுலேர்ந்து என்னையே பார்க்கறார்."

"உன்னைத் தேடித்தான் வருவார். அத்தனை வருஷமும்."

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். "ஐயோ. நாளைக்குக் காலைல எனக்கு ஃப்ளைட். ஏர்போர்ட்ல சொல்லிட்டாருன்னா? நிறுத்திடுவாங்களா?"

"அப்பா அங்க கிடக்கறார். உனக்கு ஏர்போர்ட் கவலை."

"உனக்குத் தெரியாது பாப்பா. அங்க எனக்கு ரெண்டு பசங்க. அங்க என்கூட ரூம்ல இருந்தவங்க எல்லாரும் சொன்னாங்க, நிரந்தரமா அங்கேயே தங்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது, கொஞ்ச வருஷத்துல கடன் அதுவா காலாவதி ஆயிடும்னு."

"அப்பாதான் காலாவதி ஆனார்" என்றாள் அவள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறானா, யோசிக்கிறானா என்று தெரியவில்லை. யோசிக்கிறான் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

வேன் வந்தது. பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும். ஒரு மூலையை அண்ணன் பிடித்தான், எதிர் மூலையைப் பைக்காரர் பிடித்தார். அதற்காகப் பையை அவளிடம் கொடுத்தார். அந்தப் பையைக் கையில் வாங்குவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கனமே இல்லை. காலிப் பை மாதிரி இருந்தது. அதுவும் ஒரு தந்திரமோ என்று நினைத்தபடி வேனில் ஏறினாள்.

மின் தகன மேடையில் ஒரு கண்ணாடி அறைக்குள் கிளார்க் உட்கார்ந்திருந்தார். விவரங்களைக் கேட்டுத் தட்டினார். போன் நம்பர் கேட்டபோது அவள் வாயில் வந்தது அப்பாவின் நம்பர். மனப்பாடமாக இருந்தது அது ஒன்றுதான். "அந்த நம்பருக்கே ரசீது வரும். அதைக் காட்டித்தான் சர்டிபிகேட் வாங்கணும்" என்றவர், மைக்கில் குனிந்து கூப்பிட்டார்: "மகன் யாரு? மகன் வந்து பட்டனை அழுத்தலாம்."

ஹாலில் யாரும் அசையவில்லை. அண்ணன் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். வெளிக்கதவு அவனுக்குப் பின்னாலேயே திறந்திருந்தது.

"மகன் இல்லைங்க, நான் மக" என்று அவள் முன்னால் போனாள். அப்போது பக்கத்தில் வந்து நின்று, பையை வாங்குகிற சாக்கில், பைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அவரை அழுத்தச் சொல்லுங்கம்மா."

"எவரை?"

"உங்க பெரியப்பா மகனைத்தான்."

மாட்டிக்கொண்டோம். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் போயிற்று. இப்போது அவன் முன்னால் வந்து நின்றால், மகன் என்று ஊரறிய ஒத்துக்கொண்ட மாதிரி. அதற்குத்தான் தூண்டில் போடுகிறார். அவர் சட்டைப் பையில் செல்போன் ரெக்கார்டு ஆகிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

"பையன் செத்துட்டான்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியாம என்ன? இறந்துட்டார்னு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்ததே நான்தானே."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை வந்திருந்தேன். உங்கப்பா எனக்கு டீ ஆத்திக்கிட்டிருந்தார். போன் அடிச்சுது, பழக்கதோஷத்துல எடுத்துட்டார். பார்த்தா போன் பூரா இவர் மூஞ்சி. 'அப்பா, சாப்பிட்டீங்களா'ங்கறார். மேல படத்துல பல்பு எரியுது, கீழ அதே ஆளு பேசறார். பெரியவர் கையில இருந்த டீயெல்லாம் தரையில. பார்க்கச் சகிக்கலைம்மா. 'இனிமே போன் வந்தா எடுக்காதீங்க பெரியவரே'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

"எழுதிக் கொடுத்தா உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபந்தான். செத்தவன் ஃபைலை மூடலாம். உசிரோட இருக்கறவன் ஃபைலுக்கு அலையணும். அலைஞ்சு அலைஞ்சு எனக்கும் முழங்கால் போச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப அந்த வேலையில இல்ல. பை பழக்கமாயிடுச்சு, அவ்வளவுதான். தெரு மூலையில அஞ்சலி போஸ்டர் பார்த்துட்டு வந்தேன்."

கிளார்க் மறுபடி மைக்கில் கூப்பிட்டார். அவளுக்கு அது காதில் விழவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க அப்பாகிட்ட? திருப்பிச் சொல்லுங்க."

"போன் வந்தா எடுக்காதீங்கன்னேன்." அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவர் குழம்பினார். "நான் உட்கார்ந்திருக்கும்போது எடுக்காதீங்கன்னுதாம்மா சொன்னேன். அப்புறம் நான் வரவே இல்லையே. எடுத்துப் பேசியிருப்பாரில்ல?"

மூடச் சொன்னார்கள், மூடினார். திறக்கச் சொல்லி யாரும் வரவில்லை. மகளிடம் சொன்னால் போனைப் பிடுங்கிப் பேசிவிடுவாள், வெளியே தெரிந்துவிடும் என்று அவளிடமும் மறைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் மடியில் வைத்துக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அட அப்பாவே! கேட்டிருக்கக் கூடாதா ஒரு வார்த்தை? அவளுக்கு அவரை உலுக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. உலுக்க அவர் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேற்றிலிருந்து வராத அழுகை குபுக்கென்று வந்தது.

"யார் அழுத்தினாலும் ஒண்ணுதாங்க. சீக்கிரம் வாங்க, அடுத்தது காத்திருக்கு" என்றார் கிளார்க்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூண் பக்கம் திரும்பினாள். அவன் தோளை ஏற்கெனவே கதவுப் பக்கம் திருப்பியிருந்தான். ஓடிவிடுவான் என்றே அந்த நிமிஷமும் அவள் நினைத்தாள்.

"அண்ணா" என்று கூப்பிட்டாள். ஹால் முழுக்கக் கேட்கும்படி. "வா. வந்து அப்பாவை அனுப்பு."

"ஐயோ!" என்றது பின்னாலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல்.

அவன் பைக்காரரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, ரொம்ப தூரம் நடப்பவன்போல நடந்து வந்தான். பட்டனில் விரலை வைத்தவனால் அழுத்த முடியவில்லை. அவள் தன் கையை அவன் கை மேல் வைத்து அழுத்தினாள்.

திரும்பி வரும்போது வேனில் வீட்டுக்காரம்மா தெரு முனையில்தான் ஆரம்பித்தார். "தினம் மாடிப்படி ஏறி வந்து அந்த பல்பைக் கும்பிட்டேனேம்மா நான். உயிரோட இருக்கறவனையா கும்பிட்டேன்?" அண்ணன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். "நீ பேசாதேப்பா. உன் குரலைக் கேட்டா எனக்கு உடம்பு உதறுது" என்றார்.

பைக்காரர் வேனில் ஏறவில்லை. கிளம்பும்போது அண்ணனிடம் மட்டும் சொன்னார்: "ஃபைலை மூடினா கடன் செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல தம்பி. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா எவனாவது தோண்டி எடுத்துக்கிட்டு வருவான். இந்தப் பொண்ணு வாசல்லதான் நிப்பான்."

வீட்டில் ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் தரை இன்னும் ஈரமாக இருந்தது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"கட்டிடறேன் பாப்பா. போனதும் மொத வேலை அதுதான்."

"மூணு மாசத்துலயா?"

"டிக்கெட்டைத் தள்ளி வெச்சுடறேன். நாளைக்கு அந்த ஆபீசுக்கு நேர்ல போறேன். நீயும் கூட வா, நம்பிக்கை இல்லைன்னா" என்றான்.

"நம்பிக்கை இல்ல. வரேன்" என்றாள்.

ரசீது ஞாபகம் வந்தது அப்போதுதான். அப்பாவின் போனைக் காணோம். தலையணைக்கு அடியில் இல்லை, அலமாரியில் இல்லை, அவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டையிலும் இல்லை. கூட்டத்தில் எவன் கைவரிசையோ என்று அவள் முனகிக்கொண்டே தேடினாள்.

"இரு, நான் கூப்பிட்டுப் பார்க்கறேன்" என்று அண்ணன் தன் போனை எடுத்தான்.

சத்தம் சுவரிலிருந்து வந்தது. படத்துக்குப் பின்னால், பல்பு இருந்த பலகையின் இடுக்கில் செருகி வைத்திருந்தார். அவள் ஸ்டூலிலிருந்து அவனை எழுப்பிவிட்டு ஏறி, கையை விட்டு எடுத்தாள். திரையில் பெயர் மின்னியது. அப்பாதான் ஒற்றை விரலால் குத்திக் குத்திப் பதிந்திருக்க வேண்டும். 'ராங் நம்பர்' என்று இருந்தது.

"கிடைச்சுதா?" என்றான் அவன், போனைக் காதில் வைத்தபடியே.

அவள் அதை அவனுக்குக் காட்டவில்லை. ஸ்டூல் மேல் நின்றபடியே பச்சையைத் தொட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அவன் ஏதோ சொல்ல வந்து நின்றுவிட்டான். அவன் மூச்சு விடுவது அவளுக்கு இரண்டு பக்கமும் கேட்டது. யாரும் போனை வைக்கவில்லை.